சக்கரக் கட்டையை எடுத்தது யார்?

ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவனுக்குச் சந்தேகப்படுவதைத் தவிர வேறு வேலை கிடையாது. என்னைப் போல் பிறவிச் சந்தேகக்காரனாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். மளிகைக் கடையில் தராசு முள்ளைப் பார்க்காமல் கடைக்காரனின் சுண்டுவிரலைப் பார்க்கிற ஆள் நான். கல்யாண வீட்டில் செருப்பைக் கழற்றினால் இடது கால் செருப்பை ஒரு மூலையிலும் வலது கால் செருப்பை இன்னொரு மூலையிலும் விடுவேன். என் வலது கையைப் பார்த்து, "என்ன ஆச்சு?" என்று கேட்கிறவர்களிடம், "ஏரோப்ளேன் கடித்துவிட்டது" என்று சொல்லி இதுவரை தப்பித்து வந்தேன். அது உண்மையும்கூட. ஆனால் அந்த நாட்களில் எனக்கு ரத்தம் போனதைவிட நிம்மதி போனதுதான் அதிகம். அதை எழுதிவிடலாம் என்று இப்போது தோன்றுகிறது.

அறுபதுகளின் நடுப்பகுதி. நாங்கள் செம்பூரில் இருந்தோம். அப்பா டிராம்பேயில் எண்ணெய் டேங்கர் லாரி ஓட்டினார். திருநெல்வேலிக்குத் தெற்கே ஒரு ஊரிலிருந்து கிளீனராக வந்து, டிரைவராகி, பம்பாயில் எந்தச் சந்தில் எந்த லாரி திரும்பும் என்று சொல்லக்கூடியவராக இருந்தார். நான் மாதுங்காவில் கல்லூரியில் படித்தேன். கல்லூரி மாணவர் படையில் விமானப் பிரிவு என்று ஒன்று இருந்தது. அதில் தேறியவர்களுக்கு நகரத்தின் ஓரத்தில் இருந்த ஒரு சிறிய விமானத் திடலில், இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானத்தில் காசில்லாமல் பயிற்சி கொடுத்தார்கள். எங்கள் கல்லூரியிலிருந்து தேறியது இரண்டே பேர். ஒருவன் நான், இன்னொருவன் சாவந்த்.

சாவந்த் தாதர்க்காரன், மராட்டியப் பையன். நல்ல உயரம், நல்ல சிரிப்பு. அவன் சிரிப்பில்தான் எனக்கு முதல் சந்தேகம். ஏனென்றால் எங்கள் இருவரில் யார் முதலில் ஆசிரியர் இல்லாமல் தனியாகப் பறப்பது என்று ஒரு போட்டி ஓடிக்கொண்டிருந்தது. ஆசிரியர் என் பெயரைச் சொல்லிவிட்டார் என்று காற்றுவாக்கில் வந்திருந்தது. அந்தக் காலத்தில் ஊரில் 'மதராசி' என்ற வார்த்தையைக் கொஞ்சம் கடித்துத் துப்புகிற மாதிரி சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். சாவந்த் ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை. சொல்லாததும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

ஆயுத பூஜையை அந்தத் திடலில் தசராவோடு சேர்த்துக் கொண்டாடினார்கள். அந்த ஒரு நாள் மட்டும் வீட்டுக்காரர்களை உள்ளே விடுவார்கள். அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, அம்மாவையும் என் தங்கை செல்வியையும் அழைத்துக்கொண்டு, பஸ் மாறி பஸ் மாறி வந்து சேர்ந்தார். விமானத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, றெக்கையைத் தட்டிப் பார்த்தார். "என்னல, துணியா இருக்கு!" என்று என் காதில் சொன்னார். துணிதான், மேலே சாயம் பூசியிருக்கும் என்றேன். அவர் முகம் சுருங்கிப்போனது. மகன் ஏறப்போகும் வண்டியின் உடம்பு துணி என்று அதுவரை அவருக்குத் தெரியாது.

விமானத்துக்குச் சாமந்தி மாலை போட்டு, தேங்காய் உடைத்து, ஆரத்தி எடுத்தார்கள். பிறகு எல்லோரும் கொட்டகைப் பக்கம் பேடா வாங்கப் போனோம். திரும்பி வந்ததும் சாஸ்திரத்துக்கு எஞ்சினை ஒரு முறை ஓட்ட வேண்டும் என்றார் ஆசிரியர்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்தக் குட்டி விமானத்துக்குச் சாவி போட்டுத் திருகுகிற ஸ்டார்ட்டர் கிடையாது. ஒருவன் உள்ளே உட்கார வேண்டும். இன்னொருவன் முன்னால் நின்று, மூக்கில் இருக்கும் காற்றாடியைக் கையால் பிடித்துச் சுழற்றிவிட்டுச் சட்டென்று பின்வாங்க வேண்டும். எஞ்சின் பிடித்துக்கொண்டால் காற்றாடியே வண்டியை முன்னால் இழுக்கும். பிரேக் உண்டு, ஆனால் பேருக்குத்தான். அதனால் இரண்டு சக்கரங்களுக்கும் முன்னால் முக்கோணமாக ஒரு மரக்கட்டை வைப்போம். கட்டை இருக்கிற வரை வண்டி நகராது. அன்று காலையில் அந்தக் கட்டைகளை வைத்தது நான், என் கையால். அதற்குமேல் சக்கரத்தை மறைத்துக்கொண்டு சாமந்தி மாலைகள் தொங்கின.

சாவந்த் உள்ளே ஏறினான். நான் முன்னால் நின்றேன். "காண்டாக்ட்?" என்று கத்தினேன். சுவிட்சைப் போட்டாயா என்பதற்கு அங்கே அதுதான் வார்த்தை. "காண்டாக்ட்!" என்றான். சுழற்றினேன். முதல் சுழற்றலிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. நான் பின்னால் இரண்டு எட்டு வைத்தேன். வண்டியும் என்னோடு வந்தது.

அதற்குமேல் எனக்கு நினைவிருப்பது கொஞ்சம்தான். விழும்போது முகத்தை மறைக்க வலது கையைத் தூக்கினேன். யாரோ கட்டையால் அடித்த மாதிரி ஒரு அடி. வலி இல்லை. தரையில் கிடந்தபோது இரண்டு வாசனைகள் வந்தன. ஒன்று பெட்ரோல். இன்னொன்று எலுமிச்சம்பழம். சாகிறவனுக்கு இல்லாத வாசனையெல்லாம் வரும் என்று எங்கேயோ கேட்டிருந்தேன். சரி, நாம் போகிறோம் என்று நினைத்துக்கொண்டேன்.

போகவில்லை. ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது ஒரு டாக்டர் என் இடது கையில் கொசுக்கடி மாதிரி ஒரு சின்ன ஊசி போட்டுவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மற்றவனெல்லாம் வலி தாங்காமல் கத்துகிறான், இவர் மணி பார்க்கிறாரே என்று எனக்குச் சந்தேகம். ஸ்டெல்லா சிஸ்டர்தான் விளக்கினார். தாராவியில் குடியிருந்த தூத்துக்குடிக்காரர், நாற்பது வயதிருக்கும். குரல் மட்டும் ஹெட்மாஸ்டர் குரல்.

"மண்ணுல விழுந்த காயம்லா தம்பி, டெட்டனஸ்னு சொல்லுத வில்வாதம் வராம இருக்க ஊசி போடணும். அந்த மருந்து குதிரை ரத்தத்துலேர்ந்து எடுக்கது. சிலருக்கு ஒத்துக்கிடாது. அதான் துளி போட்டுப் பாக்காரு. தடிச்சா நிறுத்திருவாரு."

"தடிச்சிருக்கா?"

"தடிக்கல. ஒனக்குக் குதிரை ஒத்துக்கிடும். ஏரோப்ளேன்தான் ஒத்துக்கிடல."

முழங்கைக்குக் கீழே இரண்டு எலும்புகளும் முறிந்திருந்தன. முறிந்த எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே தெரிந்தால் அதற்கு 'காம்பவுண்ட் ஃப்ராக்சர்' என்று பெயர். உள்ளேயே முறிந்தால் எலும்பு மட்டும்தான் கவலை. வெளியே வந்துவிட்டால் மண், அழுக்கு, கிருமி எல்லாம் உள்ளே போய்விடும், அப்புறம் கையே கவலை. உடைந்த எலும்புகளை இரும்புத் தகடு வைத்துத் திருகாணி போட்டு இணைத்தார்கள். தச்சு வேலைதான், ஆனால் மயக்கம் கொடுத்துச் செய்கிற தச்சு வேலை.

மயக்கம் தெளிந்ததும் கையைத் தேடினேன். இருந்தது. ஆனால் தொடையில் ஒரு பெரிய கட்டு! கையில் அடிபட்டவனுக்குத் தொடையில் எதற்குக் கட்டு? என்னிடம் சொல்லாமல் எதையோ வெட்டிவிட்டார்கள் என்று முடிவு கட்டி, போர்வைக்குள் இடது கையை விட்டு, இருக்க வேண்டியதெல்லாம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். கையில் தோல் போதவில்லை, தொடையிலிருந்து அரிசி அப்பளம் கனத்துக்கு ஒரு பட்டை சீவி எடுத்து ஒட்டியிருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. கைவலியைவிடத் தொடை எரிச்சல்தான் என்னைப் பாடாய்ப் படுத்தியது.

உண்மையான பயம் அதற்குப் பிறகு ஆரம்பித்தது. காலையில் வருகிற பெரிய டாக்டர் எதுவும் பேசமாட்டார். கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் என் விரல் நகத்தை அழுத்துவார். நகம் வெளுக்கும். விடுவார். மறுபடி சிவப்பதைப் பார்ப்பார். சீக்கிரம் சிவந்தால் ரத்தம் ஓடுகிறது. சிவக்கத் தாமதமானால் சதை உள்ளேயே செத்து அழுக ஆரம்பித்துவிட்டது. அதற்கு 'காங்கரீன்' என்று பெயர். அது மேலே ஏறிவிட்டால் உயிரைக் காப்பாற்றக் கையை எடுத்தாக வேண்டும். ஒரு நாள் சுண்டுவிரல் நகத்தை அழுத்திவிட்டு அவர் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். உதவி டாக்டரிடம் இங்கிலீஷில் ஏதோ ஆரம்பித்து, என் கண் திறந்திருப்பதைக் கவனித்து, மராட்டிக்கு மாறினார். இருபது வருஷமாகப் பம்பாயில் இருக்கிறவனுக்கு மராட்டி தெரியாது என்று அவர் நினைத்ததுதான் வேடிக்கை. "இன்னும் ரெண்டு நாள் பார்ப்போம்" என்றுதான் சொன்னார். எனக்கு அது, "ரெண்டு நாள் கழித்து எடுத்துவிடுவோம்" என்று கேட்டது. அன்று முழுக்க நானே என் நகத்தை அழுத்தி அழுத்திப் பார்த்ததில் விரல் கன்றிப்போனது. ஸ்டெல்லா சிஸ்டர் இடது கையைப் பிடித்துக் கட்டிலோடு கட்டிவிடுவேன் என்றார்.

இரவுகளில் பக்கத்துக் கட்டில்களில் முனகல் கேட்கும். மெத்தை மேல் விரித்த எண்ணெய்ச் சீலை நாற்றமும் பினாயில் நாற்றமும் சேர்ந்து வரும். தூக்கம் வராமல் ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு கிடப்பேன். காலையில் என் கையால் வைத்த கட்டைகள் எங்கே போயின?

அதற்கு ஆசிரியர் வந்து ஒரு பதில் சொன்னார். அந்தப் பதில் என் தூக்கத்தை மொத்தமாகக் கெடுத்துவிட்டது. கட்டைகள் காணாமல் போகவில்லை. இரண்டும் சக்கரங்களுக்குப் பின்னால் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தன. தட்டிவிட்டதோ உருண்டதோ இல்லை. யாரோ எடுத்து வைத்திருக்கிறார்கள். மேலிடத்திலிருந்து விசாரணை அதிகாரி ஒருவர் வரப்போகிறார், உனக்குத் தெரிந்ததைச் சொல், யார் மேலாவது சந்தேகம் இருந்தாலும் சொல் என்றார்.

சந்தேகமா! என்னிடம் வந்து கேட்கிறார்!

அந்த நிமிஷமே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. பேடா வாங்கப் போகும்போது சாவந்த் கடைசியாகத்தான் வந்தான். கட்டையின் முக்கியத்துவம் தெரிந்தவன்தான் அதை எடுக்க முடியும். தனியாகப் பறக்க என் பெயர் சொல்லப்பட்டதும் அவனுக்குத் தெரியும். கையைக் காலை உடைக்கும் அளவுக்குத் திட்டமிட்டிருக்கமாட்டான், கொஞ்சம் பயமுறுத்தி என் பெயரைக் கெடுக்க நினைத்திருப்பான் என்று, பெருந்தன்மையோடு, அவன் குற்றத்தைப் பாதியாகக் குறைத்தும் கொடுத்தேன். மீதிப் பாதியே போதும். நான் அதிகாரியிடம் அவன் பெயரைச் சொன்னால் அவன் இனி எந்த விமானத்தின் கதவையும் தொட முடியாது.

சாவந்த் தினமும் வந்தான். அதுதான் என் சந்தேகத்துக்கு உரம். வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து, மொசம்பியை, அதாவது நம் சாத்துக்குடியை, உரித்து, சுளைகளைத் தட்டில் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பான். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவேன். சுளைகளைச் செல்வி தின்பாள். ஆபரேஷன் அன்று எனக்கு ஏற்றிய ரத்தத்தில் ஒரு பாட்டில் அவனுடையது என்று ஸ்டெல்லா சிஸ்டர் சொன்னபோது எனக்கு நன்றி வரவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சும்மாவா? ஏன் இவன் ரத்தம் கொடுக்க வேண்டும்?

"தம்பி, அந்தப் பையன் தெனம் வந்து கெடக்கான். ஒரு வார்த்த பேசினா என்ன?" என்றார் சிஸ்டர்.

"அவன் எதுக்கு வாரான்னு எனக்குத் தெரியும் சிஸ்டர்."

"ஒனக்குத் தெரியாதது என்னதான் இருக்கு? டாக்டர் படிப்பும் படிச்சிரு, எங்களுக்கு வேல மிச்சம்."

வீட்டிலும் சரியில்லை. அம்மா தினமும் தூக்குச்சட்டியில் கஞ்சியும் துவையலும் கொண்டுவந்து, இடது கையால் எனக்குச் சாப்பிட வராது என்பதால் ஊட்டிவிட்டாள். செல்வி என் சட்டைகளின் வலது கையைப் பிரித்து, ஓரத்தில் கொக்கி வைத்துத் தைத்து, கட்டுக்கு மேல் போட்டுக்கொள்ளத் தோதாக ஆக்கிக் கொண்டுவந்தாள். அவளாக யோசித்துச் செய்தது. அதைப் போட்டுக்கொண்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் அப்பா? அவர் ஆஸ்பத்திரிக்கு வந்தார், வார்டுக்குள் வரவில்லை. வராந்தாவில் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நின்றுகொண்டிருப்பார். ஜன்னல் வழியே அவர் முதுகு தெரியும். நான் பார்க்கிறேன் என்று தெரிந்தால் நகர்ந்துவிடுவார்.

"அப்பா ஏன் உள்ள வரல?" என்று அம்மாவைக் கேட்டேன்.

"லோடு இருக்குய்யா. அவசரமா போவணுமாம்."

"லோடு இருக்கிற மனுசன் ஏன் குழாயடியில நிக்காரு?"

அம்மா கஞ்சியைக் கிளற ஆரம்பித்தாள். கலக்கிய கஞ்சியை எதற்குக் கிளற வேண்டும்? எனக்குப் புரிந்துவிட்டது. டாக்டர் அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். கை போகப்போகிறது. பார்க்கச் சகிக்காமல் வெளியே நிற்கிறார். எல்லோரும் சேர்ந்து என்னிடம் மறைக்கிறார்கள்.

அதற்குள் ரெண்டு நாள் தாண்டி, நகம் சிவந்தது. டாக்டர் முதன்முறையாகச் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பின் மேலும் நம்பிக்கை வரவில்லை. அடுத்தது நரம்புப் பரிசோதனை. கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, ஒவ்வொரு விரலாகக் குண்டூசியால் குத்துவார். குத்தினால் "ஆமாம்" என்று சொல்ல வேண்டும். சுண்டுவிரலிலும் அதற்கு அடுத்ததிலும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரியவில்லை என்றால் எடுத்துவிடுவார்கள் என்ற பயத்தில், இடைவெளியைக் கணக்குப் போட்டு, "ஆமாம்... ஆமாம்..." என்று சொல்லிக்கொண்டே வந்தேன். கண்ணைத் திறந்தபோது டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஊசி மேசை மேல் இருந்தது. ஸ்டெல்லா சிஸ்டர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். பொய் சொல்லும் நோயாளிக்கு நரம்பு எப்படி இருந்தாலும் மூளை நன்றாக இருக்கிறது என்றார் டாக்டர். கை போகாது, அந்த இரண்டு விரல்கள் மட்டும் பழையபடி ஆகுமா என்று சொல்ல முடியாது என்றார்.

கை போகாது. அப்படியானால் அப்பா இன்னும் எதற்கு வெளியே நிற்கிறார்?

விசாரணை அதிகாரி மறுநாள் வருவதாகத் தகவல் வந்தது. நான் சொல்ல வேண்டியதை மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். 'சாவந்த்' என்ற பெயரை எந்த இடத்தில் கொண்டுவருவது, முதலிலேயா கடைசியிலா என்றெல்லாம் யோசித்தேன். அன்று சாயங்காலம் பார்வையாளர் நேரத்தில் தாராவியிலிருந்து பாக்கியம் அத்தை வந்தாள். அத்தை என்றால் ரத்த சொந்தம் இல்லை. எங்கள் ஊர்க்காரி, அப்பாவை அண்ணே என்பாள், அவ்வளவுதான். அங்கே இருக்கிற அம்மன் கோயிலில் மந்திரித்த எலுமிச்சம்பழம் ஒன்றை முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்தாள்.

"தலகாணிக்கு அடியில வச்சிக்கய்யா. கண்ணேறெல்லாம் ஓடிரும்," என்று சொல்லிப் பழத்தை என் தலைமாட்டில் செருகப் போனாள்.

வாசல் பக்கம் ஒரு சத்தம். அப்பா உள்ளே வந்தார். அத்தனை நாளில் முதன்முறையாக. நடந்து வரவில்லை, ஓடி வந்தார். அத்தையின் கையிலிருந்து பழத்தைப் பிடுங்கி ஜன்னல் வழியாக வெளியே எறிந்தார்.

"என்ன அண்ணே, சாமி பழம்!" என்று அத்தை பதறினாள்.

"பழமும் வேண்டாம் ஒரு மயிரும் வேண்டாம்! ஒருத்தரும் எம் மவன் பக்கத்துல பழம் கொண்டாரப்படாது!"

வார்டே திரும்பிப் பார்த்தது. அம்மா முகத்தை முந்தானையில் மூடிக்கொண்டாள். அத்தை நசுங்கும்படி அழுத்திப் பிடித்திருந்ததாலோ என்னவோ, பழம் போன பிறகும் அதன் வாசனை என் தலைமாட்டிலேயே நின்றது. அந்த வாசனை எனக்குத் தெரியும். பெட்ரோலோடு சேர்ந்து வந்தது.

செம்பூரில் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அப்பா தன் டேங்கருக்குச் செய்வதை நான் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். மாலை, சந்தனம், குங்குமம். பிறகு சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கல்லை எடுத்துப் பின்னால் போட்டுவிட்டு, அந்த இடத்தில் எலுமிச்சம்பழம் வைத்து, வண்டியை ஏற்றி நசுக்குவார். நசுங்கிய பழத்தோடு எல்லாத் தீமையும் போச்சு. கல் எப்போதும் பின்னால்தான் இருக்கும். ஒழுங்காக.

"அப்பா," என்றேன். "அன்னைக்குக் கட்டைய எடுத்தது நீங்களா?"

அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். திரும்பவில்லை.

"பூசைன்னு சொல்லுதானுவ. ஒருத்தனாவது சக்கரத்துக்கு ஒரு பழம் வச்சானால? எம் மவன் ஏறப்போற வண்டி. ஒடம்பெல்லாம் துணி. எனக்கு மனசு கேக்கல. எல்லாரும் பேடா திங்கப் போனதும், மாலைய வெலக்கி, கட்டைய எடுத்துப் பின்னால வச்சிட்டு, ரெண்டு சக்கரத்துக்கும் பழம் வச்சேன். லாரின்னா கியர் போட்டாத்தானல நவுரும்? எஞ்சின் ஓடுனாலே நவுரும்னு எனக்கு என்னல தெரியும்?" முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டார். "நீ உள்ள உக்காருவேன்னு நெனச்சேன். உக்காந்து ஏத்துவ, பழம் நசுங்கும், பாக்கலாம்னு முன்னாலயே நின்னேன். நான் பாத்துக்கிட்டே நின்னேம்ல."

பாக்கியம் அத்தை வாயில் கை வைத்துக்கொண்டாள். செல்வி என் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒனக்கு ஒண்ணும் ஆவக்கூடாதுன்னுதாம்ல வச்சேன்," என்றார் அப்பா.

எனக்குக் கோபம் வரவில்லை. வரும் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. குழாயடியில் நின்ற அந்த முதுகுதான் கண்ணில் நின்றது. பக்கத்தில் வந்து உட்காரச் சொன்னேன். அவர் கட்டிலில் உட்காரவில்லை. தரையில் உட்கார்ந்து, கட்டுப்போட்ட என் கையின் ஓரத்தில், வலிக்குமோ என்று பயந்து பயந்து, இரண்டு விரலை வைத்தார். அது உணர்ச்சியில்லாத விரல் பக்கம். எனக்குத் தெரியவில்லை என்று நான் சொல்லவில்லை. வீட்டில் ஏதோ மறைக்கிறார்கள் என்று நான் பட்ட சந்தேகம் சரிதான். என் வாழ்நாளில் சரியாகப் பலித்த சந்தேகம் அது ஒன்றுதான், அதிலும் விஷயம் தப்பு.

மறுநாள் அதிகாரி வந்தார். ஆசிரியரும் வந்தார். சாவந்தையும் வரச் சொல்லியிருந்தார்கள். அவன் கால்மாட்டில் வெளுத்துப்போய் நின்றான். அப்பா அதே வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். நான் ராத்திரியெல்லாம் யோசித்து, யார் எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது என்று சொல்லிவிடலாம் என்று வைத்திருந்தேன். அதிகாரி என்னிடம் கேள்வி கேட்க வாயைத் திறப்பதற்குள் அப்பா முன்னால் வந்து கும்பிட்டார். லாரிக்காரர்களின் இந்தியில், சுற்றி வளைக்காமல் சொன்னார். கட்டையை எடுத்தது நான், சாகேப். பையனுக்குத் தெரியாது. உள்ளே உட்கார்ந்திருந்த பையன் மேலும் தப்பில்லை. என்ன செய்யணுமோ என்னைச் செய்யுங்கள்.

அதிகாரிக்கு முதலில் புரியவில்லை. எலுமிச்சம்பழமா, எதற்கு என்று கேட்டார். அப்பா விளக்கினார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இனி எந்தப் பூஜைக்கும் வெளியாரை விமானத்துக்குப் பக்கத்தில் விடக் கூடாது என்று ஆசிரியரிடம் கடுமையாகச் சொன்னார். அப்பாவிடம், "உட்காருங்கள்" என்று மட்டும் சொன்னார்.

அப்போது யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. சாவந்த் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்து அழ ஆரம்பித்தான். ஆறடிப் பையன், குழந்தை மாதிரி. பிரேக்கிலிருந்து தன் கால்தான் வழுக்கிவிட்டது என்று அவன் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தானாம். தினமும் அதைச் சொல்லிவிடத்தான் வந்திருக்கிறான். நான் முகம் கொடுத்திருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பான். நான் அவனைச் சந்தேகப்பட்டேன், அவனும் தன்னையே சந்தேகப்பட்டான். அந்த ஒரு விஷயத்தில்தான் எங்களுக்குள் ஒற்றுமை. தட்டில் இருந்த மொசம்பிச் சுளை ஒன்றை எடுத்து இடது கையால் வாயில் போட்டுக்கொண்டேன். நல்ல இனிப்பு.

கை பிழைத்தது. தகடு இன்னும் உள்ளேதான் இருக்கிறது; மழைக்காலம் வருவதை வானிலை அறிக்கைக்கு முன்னால் எனக்குச் சொல்லிவிடும். சுண்டுவிரலும் அடுத்ததும் முழுதாக மடங்கவில்லை, அதனால் விமானிக்கான உடல்தகுதி கிடைக்கவில்லை. சாவந்த் பறந்தான். நான் அழுதேன், பிறகு அதுவும் பழகிவிட்டது.

அடுத்த ஆயுத பூஜைக்கு அப்பாவின் டேங்கரை டிராம்பேயில் மற்ற டிரைவர்கள் கழுவி மாலை போட்டு வைத்திருந்தார்கள். சந்தனம், குங்குமம் எல்லாம் இருந்தது. சக்கரத்தடியில் மட்டும் ஒன்றும் இல்லை. அப்பா தள்ளி நின்று பீடி குடித்துக்கொண்டிருந்தார். மாதுங்கா மார்க்கெட்டில் வாங்கி வந்த பழங்களை நான் பையிலிருந்து எடுத்தேன். முட்டுக் கல்லை எடுத்துப் பின்னால் போட்டேன். மடங்காத விரல்களோடு பழத்தைச் சக்கரத்துக்கு முன்னால் வைப்பது சுலபமாக இல்லை; ஒன்று உருண்டு ஓடிவிட்டது, துரத்திப் பிடித்து வைத்தேன்.

"ஏறுங்க," என்றேன்.

"வேண்டாம்ல."

"ஏறுங்கப்பா."

ஏறினார். எஞ்சின் பிடித்தது. நான் வண்டிக்கு முன்னால் போய் நின்றேன். கண்ணாடிக்குப் பின்னால் அவர் முகம் வெளிறியது. தலையை வெளியே நீட்டி, "தள்ளிப் போல! தள்ளிப் போ!" என்று கத்தினார். நான் நகரவில்லை. தராசு முள்ளைக்கூட நம்பாத நான், அந்த லாரிக்கு முன்னால், வலது கையைத் தூக்கி, வாங்க என்று காட்டினேன்.

கியர் விழும் சத்தம் கேட்டது. வண்டி ஒரு சாண் நகர்ந்து நின்றது. பழங்கள் நசுங்கி, வாசனை வந்தது.